கன்னியப்பனின் வலையும் ஏரியோரத்து எலிகளும்

பூச்சி ஒழிப்பு என்று பலகை மாட்டியிருக்கும் யாரும் இதுவரை ஒரு பூச்சியைக்கூட உலகத்தை விட்டு ஒழித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பொன்னேரியில் எங்கள் கடைப் பலகையிலும் அந்த வார்த்தைதான் இருக்கிறது. எழுதி மாட்டியவர் என் கணவர். அவர் போன பிறகு பலகையை இறக்கிவிடலாம் என்று ஏணி கொண்டுவரச் சொன்னேன். ஏணியோடு வந்த தேவராஜ், "பழவேற்காட்டுப் பக்கம் மூணு வூட்ல கூப்ட்டுகினு கீறாங்கம்மா, அத்த முடிச்சிட்டு இறக்கலாம்" என்றார். அந்த மூன்று வீடு இன்னும் முடியவில்லை. பலகையும் அங்கேயே தொங்குகிறது.

தேவராஜ் படகு இன்ஜின் மெக்கானிக்காக இருந்து எங்களிடம் வந்தவர். மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவார். நான் பின்னால் உட்கார்ந்து, முழங்கால் வலியை ஏரிக்காற்றில் கொஞ்சம் மறந்தபடி போவேன். கல்லூரியில் நான் படித்தது தமிழ் இலக்கியம். வண்டைத் தூது அனுப்பும் பாட்டுகளை மனப்பாடம் செய்து தேறியவள், ஒருநாள் கருவாட்டு வண்டுக்கு வழி சொல்லப் போவேன் என்று எனக்குப் பாடம் நடத்தியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

விளக்கைப் போட்டதும் அடுப்படியில் சரசரவென்று ஓடி ஒளிவதைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்கள், சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் நிற்கவைத்தும் எறும்பிடம் தோற்றவர்கள், பரண்மேல் நடக்கும் எலியின் காலடி கேட்டு விட்டத்தைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

வாசனை இல்லாத மருந்து

பூங்காவனம் ஏரியோரத்துக் குப்பத்தில் கருவாடு போடுகிறவள். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். புருஷன் கன்னியப்பன் ஏரியில் இறால் பிடிக்கிறவர். மகள் செல்வி, தவழத் தொடங்கிய குழந்தையோடு தாய்வீடு வந்திருந்தாள். குழந்தை தரையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடுகிற பருவம். அடுப்படியில் கரப்பான் கூட்டம். அதனால்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

குழந்தை இருக்கிற வீட்டில் நாங்கள் சட்டென்று மருந்து அடிப்பதில்லை. கரப்பானுக்குப் பசை மாதிரி ஒரு தீனி மருந்து உண்டு. அதைக் கடுகளவு கடுகளவாக, அலமாரிக் கீலின் இடுக்கிலும், கேஸ் மேடைக்கு அடியிலும், குழந்தையின் கை எட்டாத மூலைகளிலும் புள்ளி வைத்தேன். பூங்காவனம் பின்னாலேயே வந்து ஒவ்வொரு புள்ளிக்கும் மூக்கைக் கொண்டுபோனாள். "இன்னாக்கா, நாத்தமே காணோம்?" என்று கேட்டாள். மருந்து என்றால் கண் எரிய வேண்டும், பக்கத்து வீட்டுக்காரி வந்து என்ன அடித்தீர்கள் என்று விசாரிக்க வேண்டும், அப்போதுதான் அவளுக்குத் திருப்தி. அந்தத் தெருவில் கருவாட்டு வாசனையைத் தாண்டி எந்த மருந்தின் வாசனை எழுந்து நிற்கும் என்பது வேறு விஷயம்.

நாற்றம் நம் மூக்குக்கு, கரப்பானுக்கு வேண்டியது தீனி என்று விளக்கினேன். இதைத் தின்ற கரப்பான் தன் இடுக்குக்குள் போய்ச் சாகும். அதைத் தின்ன வருகிற மற்றவையும் சாகும் என்றேன். பூங்காவனம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"சாவு வூட்டுக்குப் போயி சாப்ட்டுட்டு அதுங்களும் சாவுதா? எங்க வூட்டுக்காரரு சொந்தக்காருங்க சாப்ட்டுட்டு நல்லாத்தானே போறாங்க!"

பூவரச மரத்தடியில் டிவி

பூங்காவனத்துக்கு அடுத்த வீடு எஸ்தருடையது. ஒரு மாதம் கழித்து அவள் கூப்பிட்டாள். அங்கே புள்ளி வைத்துத் தீராத அளவு கூட்டம். மருந்து அடித்தே ஆக வேண்டும். அடிக்கிற அன்றைக்குச் சோறு, தண்ணீர், பாத்திரம், பாய் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, மனிதர்களும் வெளியேறி, நாங்கள் சொல்லும்வரை வீட்டுக்குள் வரக்கூடாது. எஸ்தர் எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். மாமியார் அன்னம்மாவைத்தான் எடுக்க முடியவில்லை. சாயங்காலத் தொடர் தொடங்கப் போகிறது. கதாநாயகியின் தாலி இன்றைக்கு நிலைக்குமா நிலைக்காதா என்று தெரியாமல் கிழவி எழுந்திருக்க மாட்டாள்.

கடைசியில் டிவியையே வெளியே கொண்டுபோவது என்று தீர்மானமானது. தேவராஜும் எஸ்தரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பின்னாலிருந்து ஒரு கரப்பான் பறந்து தேவராஜின் தோளில் உட்கார்ந்தது. முகமூடி, கையுறை, முதுகில் டேங்க் எல்லாம் மாட்டிக்கொண்டு போருக்குப் புறப்பட்டவர் மாதிரி நின்ற அந்த மனிதர், டிவியை எஸ்தரின் கையில் விட்டுவிட்டுப் படகுத்துறை வரைக்கும் ஓடினார். நல்லவேளை, எஸ்தர் பானைத் தண்ணீர் தூக்கிப் பழகியவள்.

பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டு, பூங்காவனத்தின் வீட்டிலிருந்து வயர் இழுத்து டிவி ஓடியது. தெருவே கூடிவிட்டது. பூங்காவனம் சுண்டல் கொண்டுவந்தாள். மருந்து அடித்து, நேரம் ஆகி, ஜன்னல்களைத் திறந்து காற்றாடவிட்டு, தரையைத் துடைக்கச் சொல்லி, "இனி உள்ளே போகலாம் பாட்டி" என்றேன். அன்னம்மா அசையவில்லை.

"அட்த்த மாசமும் வந்து அடிம்மா. வெளில நல்லா காத்தோட்டமா கீது."

ரெண்டு சொட்டு

கருவாடு காய்கிற இடத்தில் ஈ வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பூங்காவனம் அப்போதெல்லாம் மணலில் பாய் விரித்து மீனைக் காயவைப்பாள். ஈ மொய்த்து முட்டையிட்டால் புழு வரும். பிறகு வண்டு வரும். ஒருநாள் என்னைத் தனியாக ஓரமாக அழைத்துப் போய், கல்யாணப் பேச்சு பேசுகிறவள் மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "உன் டேங்க்ல கீற மருந்துல ரெண்டு சொட்டு குடுக்கா. உப்புத் தண்ணில கலந்துட்டா ஈ கிட்டவே வராதாம். யாரோ சொன்னாங்க" என்றாள்.

தின்கிற பொருளில் எந்தப் பூச்சிமருந்தும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது, கழுவினாலும் போகாது என்று சொன்னேன். "நீ சாப்பிடுவியா அதை?" என்று கேட்டேன். "நான் எதுக்கு துன்றேன்? அது பொன்னேரிக்குப் போறது" என்றாள் சாதாரணமாக. "நானும் பொன்னேரிதான் பூங்காவனம். வாரத்துக்கு ஒருதரம் உன் கூடையிலதான் நெத்திலி எடுக்கிறேன்" என்றேன். அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. அதுவரை பொன்னேரி என்பது அவளுக்கு ஒரு சந்தை. அன்றைக்குத்தான் அதற்கு ஒரு வாய் இருப்பது தெரிந்த மாதிரி என்னையே பார்த்தாள்.

தேவராஜ் கழி நட்டு, இடுப்பு உயரத்துக்குப் பரண் கட்டிக் கொடுத்தார். மேலே கொசுவலையைக் கூடாரம் போலப் போட்டு, ஓரங்களைச் செருகினோம். நன்றாக உப்புப் போட்டு, தரையில் படாமல், காற்று அடியிலும் மேலும் போக, மீன் சீக்கிரம் காய்ந்தது. ஈக்கள் வலைக்கு வெளியே உட்கார்ந்து, மூடிய ஓட்டல் வாசலில் நிற்கிற ஆட்களைப்போல உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன. பூங்காவனத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இத்தினி வருசமா மீன் உள்ள வரத்துக்கு வலை கட்னோம். ஈ உள்ள வராம இருக்கவும் வலைதான் கட்டணும்னு ஒருத்தருக்கும் தோணலியேக்கா!"

கழுவக்கூடாத வலை

இந்த ஏரி ஊர்களில் ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை ஊர்கூடிச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நல்ல இடத்துப் பாடு ஒரு குடும்பத்துக்கு வந்தால் அன்றைக்கு அந்தத் தண்ணீர் அவர்களுடையது. அன்றைக்கு வலை இல்லை என்றால் தண்ணீர் யாருக்காகவும் காத்திருக்காது. அடுத்த சுற்று வரும்வரை கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் இறாலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடும் நேரத்தில், நல்ல இடத்துப் பாடு கன்னியப்பனுக்கு விழுந்திருந்தது. செல்வி புருஷனோடு குடியிருக்கப் போகும் வீட்டுக்கு அந்த இறாலை நம்பித்தான் நாள் குறித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வலைக் கொட்டகையில் எலி புகுந்தது. நாங்கள் போனபோது கன்னியப்பன் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை நுழைகிற அளவு ஓட்டைகள். ஒன்றை முடிச்சுப் போட்டு அடைத்தால் மறுநாள் பக்கத்தில் இன்னொன்று. "எலி மருந்து குடு மருந்தம்மா. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். அந்தக் குப்பத்தில் எனக்கு அதுதான் பெயர்.

தர மாட்டேன் என்றேன். தவழும் குழந்தை, திறந்த கருவாட்டுக் கூடை, கோழி, பூனை எல்லாம் ஒரே வாசலில் இருக்கிற வீட்டில் விஷத்துக்கு இடமில்லை. வலையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கண்ணிகளில் செதிலும் இறால் மீசையும் காய்ந்து ஒட்டியிருந்தன. எலிக்கு நைலான் நூலில் ருசி ஒன்றும் கிடையாது. இந்த மிச்சத்தைத்தான் அது கடிக்கிறது. நல்ல தண்ணீரில் வலையை அலசி, உலர்த்தி, தரையில் படாமல் தொங்கவிடுங்கள், கொட்டகைப் பொந்துகளைக் கம்பிவலை வைத்துச் சிமெண்டால் அடையுங்கள், பொறி வையுங்கள் என்றேன். பொறிக்கும் பொந்துக்கும் தலையாட்டியவர், அலசுவது என்றதும் வலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். போன முறை பாடு விழுந்தபோது நிறைய இறால் கண்ட வலை அது. அதன் வாசனை போகக்கூடாது.

"மூஞ்சி கழுவலாம், காலு கழுவலாம். ராசியான வலைய யாராவது கழுவுவாங்களா மருந்தம்மா?"

வேலைக்குப் போகாத பூனை

விஷம் இல்லை, கழுவலும் இல்லை என்றானதும் கன்னியப்பன் எஸ்தரிடம் போய் அவளுடைய பூனையைக் கடன் கேட்டார். கன்னம் உப்பிய மஞ்சள் பூனை. படகுத்துறையில் ஒவ்வொரு படகும் வந்ததும் ஒரு மீனாவது அதற்கு விழும். அதைக் கொட்டகையில் விட்டுக் கதவைச் சாத்தினார். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால், வலையை மெத்தையாக்கி அதன்மேல் பூனை சுருண்டு தூங்குகிறது. அது தூங்காத பக்கத்தில் புதிதாக இரண்டு ஓட்டை.

பூனையைத் தூக்கிக்கொண்டு போய் எஸ்தரிடம் நியாயம் கேட்டார் கன்னியப்பன். "உன் பூனைக்கு எலின்னா இன்னான்னு தெரியுமா தெரியாதா?" என்று சத்தம் போட்டார். எஸ்தர் பூனையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைத் தடவினாள்.

"வந்து சாப்ட்டுட்டுப் போற பூனைண்ணே இது. வேலைக்குப் போற பூனைன்னு நான் எப்போ சொன்னேன்?"

வாளைக் கருவாடு

பாடு நெருங்க நெருங்க அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. அப்புறம் ஒருநாள் மத்தியானம், பொறிகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். கன்னியப்பன் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பயமாக இருந்தது. "உன் பேச்ச கேட்டு ஒக்காந்திருந்தா என் வலை ஜல்லடையாப் பூடும். சந்தைல ஒருத்தன் மறைச்சி வெச்சி விக்கிறான், எலி பேஸ்ட்டு. வாளைக் கருவாட்டு வயித்துல தடவி கொட்டாய் வாசல்ல வெச்சேன். காலைல பாத்தா காணோம். துன்னுட்டுப் போச்சு!" என்றார்.

உள்ளே கருவாட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டிருந்த பூங்காவனத்தின் கை நின்றது. "எது? கொட்டாய் வாசல்ல கெடந்த வாளையா? பரண்லேந்து வுழுந்துச்சின்னு அத்த நான்தான எடுத்து கூடைல போட்டேன்" என்றாள். இந்த வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. வேறு வீட்டில் தரையில் கருவாடு கிடந்தால் சந்தேகப்படுவார்கள். இங்கே அது கூடையிலிருந்து தவறிய சரக்கு. கூடை நிறைய வாளை. எல்லாம் ஒரே வெள்ளி, ஒரே வளைவு. பொன்னேரிக்குப் போகும் ஷேர் ஆட்டோ தெருமுனையில் ஹார்ன் அடித்தது. கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு செல்வியின் குழந்தை நின்றுகொண்டிருந்தது.

குழந்தையைத் தூக்கி, கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, அதே ஆட்டோவில் செல்வியையும் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். அந்தப் பேஸ்ட் டப்பாவையும் ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். எதைத் தின்றிருக்கலாம் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். இந்த விஷம் முதலில் சும்மா இருக்கும், ஒன்றும் இல்லை என்று நம்மை ஏமாற்றும். அதனால் பார்ப்போம் என்று வீட்டில் உட்காரக்கூடாது. டாக்டர் சோதித்துப் பார்த்தார். வாய்க்குப் போனதாகத் தெரியவில்லை, ஆனாலும் இங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றார். மறுநாள் ரத்தம் சோதித்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் படித்த எந்தச் செய்யுளும் ஈடில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது கூடை அப்படியே இருந்தது. கன்னியப்பன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். "தடவுனது தெரியும், மஞ்சளா கீறத மட்டும் பொறுக்கிப் போட்டா மீதி தேறும்" என்று மெல்ல முனகினார். ஒன்றோடொன்று உரசிய கூடையில் எது மிச்சம், எது விஷம்? நான் சொல்வதற்கு வாய் திறந்தேன். அதற்குள் பூங்காவனம் என்னிடம் கையுறை கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். தேவராஜ் தண்ணீர் ஏறாத மேட்டில், நாய் தோண்ட முடியாத ஆழத்துக்குக் குழி வெட்டினார். அவள் பல நாள் உழைப்பைக் கூடையோடு அதில் இறக்கினாள். மண்ணைத் தள்ளும்போதுதான் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எலிக்கு வெச்சது பொன்னேரிக்குப் போயிருந்தா எந்த வூட்டு அடுப்புல கொதிச்சிருக்கும்? தோ நிக்கிறாங்களே, இந்த அக்கா வூட்டு அடுப்புலயா?"

தட்டு மாட்டிய கயிறு

அதற்கடுத்த நாள் நான் யாரையும் எதற்கும் வற்புறுத்தும் எண்ணத்தில் போகவில்லை. குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். தெருக்குழாயடியில் கூட்டம். நடுவில் கன்னியப்பன், இடுப்பு வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, வலையை அண்டாவில் முக்கி முக்கி அலசிக்கொண்டிருந்தார். எஸ்தர் குடத்தை ஓரமாக வைத்துவிட்டுக் குழாயை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். அன்னம்மாகூடத் தொடரை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். அண்டாவில் செதில்கள் மிதந்தன. வெயில் பட்டு ஒவ்வொன்றும் ஒருமுறை மின்னி அணைந்தது.

ஓட்டைகளை முடிந்து, வலையை உலர்த்தி, கொட்டகைக்குள் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்டோம். பொந்துகளைத் தேவராஜ் கம்பிவலையும் சிமெண்டும் வைத்து அடைத்தார். எலி கயிற்றில் நடந்து வந்தால் என்ன செய்வது என்று நான் யோசித்தேன். கன்னியப்பன் அன்றைக்கு முதன்முறையாக வாய் திறந்தார். "துறைமுகத்துல பெரிய கப்பல் கட்டற கவுத்துல தகரத் தட்டு மாட்டிகிறான். எலி ஏறினா அத்த தாண்ட முடியாது. நான் கண்ணால பாத்துகிறேன்" என்றார். பெயிண்ட் டப்பா மூடிகளில் ஓட்டை போட்டு, கயிற்றின் இரு முனையிலும் கோத்தோம். சுவரோரம் பொறிகளை, குழந்தையின் கை நுழையாத மரப்பெட்டிக்குள் வைத்தோம். முதல் நாளே இரண்டு எலி விழுந்தன.

பூங்காவனம் வந்து பார்த்தாள். கூடை போனதிலிருந்து அவள் புருஷனோடு பேசவில்லை. இரண்டு முனையிலும் வட்டத் தட்டு பளபளக்க, நடுவில் அலசிய வலை வெளுத்துத் தொங்கியது. கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள்.

"எனக்கு ஒரு கம்மல் வாங்கித் தரத்துக்கு இந்த மன்சனுக்குத் துப்பு இல்ல. வலைக்கு இன்னா பெருசா மாட்டிகிறாரு பாருக்கா!"

பாடு நாள்

பாடு அன்றைக்கு விடிந்து கொஞ்ச நேரத்தில் நானும் தேவராஜும் கரைக்குப் போய்விட்டோம். வேலை எதுவும் இல்லை; வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பூங்காவனம் கரையில் காலியான புதுக் கூடையோடு நின்றாள். ராசி கழுவப்பட்டுவிட்டதா இல்லையா என்று பார்க்கக் குப்பமே வந்திருந்தது. ஏரி வெளிறிய வெள்ளையாக, எழுதாத தாள் மாதிரிக் கிடந்தது. தூரத்தில் கன்னியப்பனும் மச்சான்களும் வலையை வளைத்து இழுப்பது சின்னச் சின்னக் கோடுகளாகத் தெரிந்தது. செல்வி குழந்தையை இடுப்பு மாற்றி இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும், வலை வெறுமையாக வந்தால் இந்த ஊரில் இனி ஒருவரும் எதையும் கழுவ மாட்டார்கள் என்ற பயம்.

வலை கிழியவில்லை. படகு வந்து மணலில் ஏறியபோது அதன் வயிற்றில் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. போன முறை அளவுக்கு இல்லை என்று சிலர் சொன்னார்கள். அதைவிட அதிகம் என்று சிலர். செல்வியின் வீட்டுக்குப் போதும் என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். கன்னியப்பன் இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். நேராகக் குழாயடிக்குப் போய், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலையை அண்டாவில் போட்டு அலச ஆரம்பித்தார். பூங்காவனம் கை நிறைய இறாலை அள்ளி, பூவரச இலையில் சுற்றி என் பையில் போட்டாள்.

சாயங்காலம் வீட்டில் அந்த இறாலை வதக்கி ஒற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் கரப்பான் இல்லை, எறும்பு இல்லை, எலி இல்லை. என் கணவர் இருந்தபோதே அப்படித்தான். சுவரில் ஒரு பல்லி மட்டும் உண்டு; அதை நான் விரட்டுவதில்லை. எப்போதாவது குரல் கொடுக்கும், வீட்டில் வேறு ஒரு குரல் இருக்கிறது என்று இருக்கும். முதல் வாய் எடுக்கும்போது போன் அடித்தது. எஸ்தர். மூச்சு வாங்கப் பேசினாள்.

"மருந்தம்மா, உடனே வாங்க. கன்னியப்பண்ணன் வூட்டு எலியெல்லாம் சாமான் செட்டோட எங்க வூட்டுக்குக் குடி வந்துச்சி. எங்க பூனை அதுங்களுக்கு எடம் வுட்டு ஓரமா படுத்துகினு கீது!"

பலகையில் ஒழிப்பு என்று எழுதிக்கொண்டு இத்தனை காலமாக நான் செய்துவருவது, உயிர்களை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, யாருக்கும் விஷம் படாமல், மரியாதையாக வழியனுப்பி வைப்பதைத்தான்.